தரணேந்திரன் கொடுத்த ரத்தம்

அன்று காலை பதினோரு மணிக்கு நான் தரணேந்திரன்மேல் கோபத்தில் இருந்தேன். ஆரணியிலிருந்து ரத்த டியூபுகளோடு பத்தேகாலுக்கெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர வேண்டியவன் வரவில்லை. எடுத்த ரத்தத்தை நாலு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். அதைத் தாண்டினால் அதிலுள்ள வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும், சோதனைக்கு ஆகாது. அவன் எண்ணிலிருந்து போன் வந்ததும் "எங்கே நிக்கிற?" என்று எரிந்து விழுந்தேன். பதில் வேறு குரலில் வந்தது.

"அம்மா, நான் ஆரணி பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வெச்சிருக்கறன். இந்த போனு வெச்சிருந்தவரு பெஞ்சுல ஒக்காந்துகினே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. மூச்சு இல்லன்னு சொல்றாங்கம்மா."

அதற்கு நான் கேட்ட முதல் கேள்வியை மறைக்கப் போவதில்லை. "அவர் மடியில ஒரு டப்பா இருந்திருக்குமே, அது எங்க?" என்று கேட்டேன். அந்த டீக்கடைக்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. "பத்திரமா இருக்குதும்மா" என்றார்.

நம் சங்கத்தின் மலருக்கு தரணேந்திரனைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது இரண்டு முறை மறுத்தேன். ரத்தப் பரிசோதனைத் தொழிலில் இருக்கும் உங்களில் பாதிப் பேர் அவனிடம் ஸ்லைடு கொண்டுபோய்ச் சந்தேகம் கேட்டவர்கள். அவனை நல்லவன், உழைப்பாளி, தங்கமான மனுஷன் என்று எழுதினால்தான் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவன் என்னை ஏமாற்றிவிட்டுப் போனான் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதலாம் என்று மலரின் ஆசிரியர் சம்மதித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எட்டாம் வகுப்பிலிருந்து 'வா, போ' என்று பேசியவனை, அதுவும் இந்தக் கோபத்தில், எனக்கு அப்படி எழுத வரவில்லை.

அவன் வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பதற்காக ஆரணியில் மாமா வீட்டில் தங்கினான். நான் பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் தெருவில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடமே உரக்கப் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் வகுப்பிலும் நான் கத்துவேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு "மெதுவா சொல்லு, எனக்குக் காது கேக்குது" என்பான். பிறகு அவன் ஆரணியிலேயே ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் ஆனான். நான் வெளியே போய் உயிரியல் படித்து மலேரியா ஆராய்ச்சிக்கு வந்தேன். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்பதால் என்னை 'டாக்டரம்மா' என்று கிண்டலாகக் கூப்பிடுவான்.

அவன் கொசுவை அடிக்கமாட்டான். கையில் உட்கார்ந்து குடிப்பதை ஊதி விரட்டுவான். மலேரியா வேலை பார்ப்பவன் கொசுவுக்கு விருந்து வைக்கிறான் என்று நான் கேலி செய்ததற்கு ஒருநாள் அவன் சொன்னது: "அடிக்கறது என் வேல இல்ல. அது வெச்சிட்டுப் போறத எண்றதுதான் என் வேல. அதுல ஒண்ணு விடமாட்டன்." உண்மையிலேயே விடமாட்டான். ஒரு ஸ்லைடை மூன்று முறை பார்ப்பான்.

எங்கள் ஆராய்ச்சி அவன் கண்ணில்தான் தொடங்கியது. ஆரணிக்கு வெளியே, தேவிகாபுரம் போகும் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு செங்கல் சூளைக்கு ஒவ்வொரு பருவமும் ஒடிசா மலைக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் வந்து தங்கும். ஒருநாள் அங்கிருந்து காய்ச்சலோடு வந்த ஆறு வயதுப் பெண்ணுக்கும், அவளைத் தூக்கி வந்த அப்பாவுக்கும் விரலில் குத்தி ஸ்லைடு பார்த்திருக்கிறான். உடனே எனக்கு போன் செய்தான்.

"டாக்டரம்மா, ஜல்தியா வந்து பாரு. அப்பன் ரத்தத்துல மலேரியா கிருமி அவ்ளோ இருக்குது. ஆளு ஒண்ணும் தெரியாம வெளிய பீடி புடிச்சுகினு நிக்கிறான். கொழந்தைக்கு இத்தினிதான் இருக்குது. ஆனா ஒடம்பு கொதிக்குது. இன்னா இது?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் உலகமெங்கும் பலர் அலைகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான். உடம்பின் முதல் வரிசைக் காவல் அணுக்கள் மலேரியாக் கிருமியைப் புதிதாகப் பார்க்கும்போது பெரிய கூச்சல் போடுகின்றன. அந்தக் கூச்சல்தான் காய்ச்சலாகிறது. அளவு மீறினால் கிருமியைவிடக் கூச்சலே குழந்தையைக் கொன்றுவிடவும் கூடும். சிறு வயதிலிருந்து வருஷா வருஷம் கடி வாங்கி வளர்ந்த பெரியவர் உடம்பில் அதே அணுக்கள் அடக்கி வாசிக்கப் பழகிவிடுகின்றன. பலமுறை பார்த்த அனுபவத்தில் உருவான எதிர்ப்புப் புரதங்கள் சத்தமில்லாமல் கிருமியைக் கட்டுக்குள் வைத்திருக்கும். ஆள் நோயாளி என்றே தெரியாது. வயதால் மட்டும் வருவதல்ல இது, பழக்கத்தால் வருவது. மலேரியாவே பார்க்காத ஊரில் வளர்ந்த பெரியவருக்கு முதல்முறை வந்தால் அவர் அணுக்களும் குழந்தையின் அணுக்களைப் போலவே கத்தும். நான் இவ்வளவு நீளமாக விளக்கியதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்: "பழைய வீட்டுக்காரன் யாரு கதவத் தட்டறான்னு படுத்துகினே சொல்லுவான். புதுசா குடி வந்தவன் தெருவையே எழுப்பிடுவான். அதானே?"

அதேதான். அந்த அடக்கம் அணுக்களுக்குள் எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் இறங்கினோம். சூளைக் குடும்பங்களில் கிருமி இருக்கும் ஒரு குழந்தை, அதே வீட்டில் கிருமி இருக்கும் ஒரு பெரியவர், இருவரிடமும் ஒரே நாளில் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை இருவருக்கும் உடனே கொடுத்துவிடுவோம். ரத்தம் எடுப்பதும் கொண்டுவருவதும் தரணேந்திரன் பொறுப்பு. அதை அணுக்களாகப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியோடு சேர்த்து, எது எவ்வளவு கத்துகிறது என்று பார்ப்பது என் பொறுப்பு.

டியூபுகளை ஐஸில் வைக்கக் கூடாது, குளிரில் அணுக்கள் விறைத்துவிடும் என்று சொல்லியிருந்தேன். அவன் டப்பாவை ஒரு பட்டுக்கடைத் துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவான். ஒருமுறை கண்டக்டர் பையைப் பார்த்து "பட்டா சார்?" என்று கேட்டிருக்கிறார். ஆரணியில் ஏறுகிறவன் மடியில் வேறு என்ன இருக்கும்? "ஆமாங்க, ஜரிகை போட்டது, கசங்கிடும்" என்று சொல்லி ஜன்னலோர இடத்தை வாங்கிக்கொண்டானாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பொய்யை அவ்வளவு சரளமாகச் சொல்லத் தெரிந்தவன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் டியூப் வந்தது, தகப்பனுடையது வரவில்லை. விரலில் குத்த ஒப்புக்கொண்டவர் நரம்பில் ஊசி என்றதும் மறுத்துவிட்டாராம். ஒரு டியூப் ரத்தம் போனால் கை ஓய்ந்துவிடும், கல் தூக்க முடியாது என்ற பயம். ஜோடி இல்லாத ரத்தம் கணக்கில் வராது என்பது நான் வைத்த விதி. "அப்ப இதையும் கொட்டிடு" என்றேன்.

அவன் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றான். "நரம்பு கெடைக்காம ரெண்டு வாட்டி குத்தினன். அந்தப் பொண்ணு கைய இழுக்கல. கண்ண மட்டும் இறுக்கி மூடிகிச்சு. அதப் போய் கொட்டச் சொல்றியே."

"பாவம் பாத்தா ஆராய்ச்சி பண்ண முடியாது தரணி. ஜோடி இருந்தா கொண்டு வா. இல்லன்னா கொண்டு வராத."

அதற்குப் பிறகு ஒரு தகப்பன்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு குழந்தையின் டியூபுக்குப் பக்கத்திலும் பெரியவரின் டியூப் இருந்தது. "தரணி கேட்டால் சூளையில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை" என்று நான் கூட்டங்களில் பெருமையாகப் பேசினேன்.

இரண்டு பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது நான் எதிர்பார்த்ததுதான் பெரும்பாலும் வந்திருந்தது. குழந்தைகளின் அணுக்கள் கத்தின, பெரியவர்களின் அணுக்கள் அடங்கியிருந்தன. ஆனால் பெரியவர்களில் ஏழு பேர் மட்டும் வேறு மாதிரி இருந்தார்கள். குழந்தைகளைப் போலவே, சில சோதனைகளில் அதைவிட அதிகமாக, அந்த ஏழு பேரின் அணுக்கள் கூச்சல் போட்டன. எனக்குத் தூக்கமே போய்விட்டது, சந்தோஷத்தில். எத்தனை வருஷம் கடி வாங்கினாலும் அடங்கக் கற்காத பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் பின்னால் நோய் முற்றும் ஆபத்து, அவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்துக் கவனிக்க வேண்டும் என்று எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. இந்தத் துறையில் நாலு பேருக்கு என் பெயர் தெரிந்தது அந்த ஏழு பேரால்தான். அது வெளிவருவதற்கு முன்பே ஆரணி கிளினிக்கில் உங்களையெல்லாம் கூப்பிட்டு விளக்கியிருந்தேன். தரணேந்திரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினான்.

மூன்றாம் பருவத்தில்தான் அவன் போனான். அன்று நான் ஆரணிக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். இடது முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தது. காப்பாற்ற ஊசி போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மனைவி பத்மாவதி அழாமல் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கடைசியாகப் பேசியவர் சூளை மேஸ்திரி கோவிந்தன். மைக்கைப் பிடிக்கவே கூச்சப்பட்டவர், பிடித்த பிறகு விடவில்லை.

"எங்க ஆளுங்களுக்கு ஊசின்னா பயங்க. ரத்தம் போயிட்டா வேல செய்ய முடியாதுன்னு ஓடிடுவானுங்க. சாரு ஒருத்தரையும் வற்புறுத்தமாட்டாரு. 'விரல்ல மட்டும் ஒரு சொட்டு குடுங்கய்யா, போதும்'னு வாங்கிக்குவாரு. அப்பறம் அந்த வேப்பமரத்தாண்ட ஒக்காந்துகினு தன் கையிலயே குத்தி எடுத்துக்குவாரு. நான் என் கண்ணால பாத்தன். 'ஏன் சார்?'னு கேட்டதுக்கு, 'கொழந்த குடுத்தது வீணாப் போவக் கூடாது மேஸ்திரி'ன்னாரு. போன அன்னிக்குக் காலையில கூட எடுத்தாருங்க. இப்பிடி ஒரு மனுசன் எங்கங்க இருக்காரு?"

மண்டபமே கலங்கியது. என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த ஏழு பேர் நினைவுக்கு வந்தார்கள். மலேரியாவையே அறியாத ஊரில் வளர்ந்தவன், தன் ரத்தத்தை மலைக்காட்டு மனிதர்களின் பெயரில் எனக்கு அனுப்பியிருக்கிறான். விரல் சொட்டு அவர்களுடையது, அதனால் ஸ்லைடில் கிருமி இருந்தது. டியூப் அவனுடையது, அதனால் அணுக்கள் கத்தின. நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். பலர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாருடைய அணுக்களிலும் கொஞ்சம் உறைய வைத்திருப்போம். அந்த ஏழு குப்பிகளை எடுத்து மரபணு அடையாளம் பார்த்தோம். ஏழும் ஒரே ஆள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று நான் கடிதம் எழுதினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் அவன் பெயரை எழுதவில்லை. 'மாதிரிகளில் தவறு' என்று எழுதினேன். அதை எழுதும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. கொட்டியிருந்தால் ஏழு குழந்தைகளின் ரத்தம்தான் போயிருக்கும். கொட்டாமல் காப்பாற்றுகிறேன் என்று மற்ற எல்லாக் குழந்தைகளின் ரத்தத்தையும் சந்தேகத்தில் போட்டுவிட்டான். 'முடியல, விதிய மாத்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். ஜோடி இல்லாமலும் கணக்குப் போட வழி இருக்கிறது. முப்பது வருஷம் பேசியவன் அந்த ஒரு வார்த்தையைப் பேசவில்லை.

பத்மாவதியைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையில நீலமா கன்னிப்போயி வருவாருக்கா. கேட்டா, லேப்புல புதுசா வந்த பொண்ணு என் கையில குத்திப் பழகுதுன்னு சொல்லுவாரு. நானும் நம்பிகினு இருந்தேன்" என்றாள். "அதனாலதான் போயிட்டாரா?"

"இல்லம்மா. ஒரு டியூப் ரத்தத்தால ஒண்ணும் ஆகாது. ரெண்டு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். அது இதயம்."

"சரி. அப்ப எதுக்கு என்கிட்ட பொய் சொன்னாரு?"

நான் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஏழு குப்பிகளிலும் அவனுடைய அணுக்கள் இன்னும் உயிரோடு இருந்தன. சம்மதக் கையெழுத்து இல்லாதவரின் அணுக்களை நாங்கள் வைத்திருக்கக் கூடாது. ஆனால் குடும்பம் கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு வைத்திருக்க வழி உண்டு. அதைச் சொன்னேன்.

"உயிரோட இருக்குதா?" என்றாள் இரண்டு முறை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேணாங்கா. வேற ஆம்பளைங்க பேருல அவரு அங்க ஒக்காந்துகினு இருக்க வேணாம். கொட்டிடுங்க."

கொட்டினேன். உதவியாளரிடம் கொடுக்காமல் நானே உருக்கி, மருந்து ஊற்றி, தொட்டியில் விட்டேன். இந்தப் பருவத்திலிருந்து சூளைக்கு நானே போகிறேன். தகப்பன் மறுத்தால் 'மறுத்தார்' என்று எழுதுகிறேன். குழந்தையின் டியூபைக் கொட்டுவதில்லை. இதைச் செய்யத் தொடங்கும்போதெல்லாம் அவன்மேல் கோபம் புதிதாக வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆனால் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை முடித்தால் நானும் அவனைப் போலத்தான் ஆவேன். கிளினிக்கில் நான் அந்த ஏழு பேரைப் பற்றிப் பேசிய அன்று, நீங்கள் எல்லோரும் டிபன் சாப்பிடப் போன பிறகு, அவன் என்னிடம் வந்தான். திரையில் ஏழு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதை நெருங்கிப் பார்த்தான்.

"டாக்டரம்மா, இந்த ஏழு பேரும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காங்களே. வேற வேற ஊரு, வேற வேற வயசு. உனக்கு ஒண்ணும் தோணலியா?"

எனக்குத் தோன்றியது. அந்த ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. மனிதர்கள் அவ்வளவு ஒத்துப்போவதில்லை என்பது இந்த வேலையில் முதல் வருஷமே தெரிந்துவிடும் விஷயம். ஆனால் கட்டுரை தயாராக இருந்தது, வெளியூரிலிருந்து அழைப்பு வந்திருந்தது, என் காதில் இன்னும் கை தட்டின சத்தம் இருந்தது. நான் சிரித்தேன். "நீ ஸ்லைடப் பாரு தரணி. இதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு திரையை அணைத்துவிட்டு, எனக்கு ஒரு தட்டு டிபன் எடுத்துவரப் போனான். தரணேந்திரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். அதை அவன் என்னிடம் கேட்டான் என்பதைப் பத்மாவதியிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.